பிரசவக் கட்டிலில் அந்நியர் யார்?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். துருக்கி நாட்டின் தெற்கே, சிரியா எல்லையை ஒட்டிய ஒரு நகரம். அங்கே ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி. நள்ளிரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். அவள் பேசுவது அரபு. கட்டிலருகே நிற்கும் மருத்துவச்சி மாணவி பேசுவது துருக்கி. தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, போன பிரசவத்தில் ரத்தப்போக்கு இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் அது. ஆனால் மாணவியின் மனதில் முதலில் எழுவது வேறு கேள்வி: “இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்?”

அந்தக் கேள்வியை அவள் மனதில் விதைத்தது யார்? அதனால் லாபம் அடைவது யார்? இந்த வாரம் நாம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். துருக்கி எங்கோ இருக்கிறது, நர்ஸ் படிப்பு நமக்கெதற்கு என்று பஞ்சாலைத் தோழர்களும் வயல்வெளித் தோழர்களும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். விஷயம் பிரசவ வார்டில் தொடங்கினாலும் அது போய் நிற்கும் இடம் தையல் கூடமும் பருத்திக் காடும்தான்.

விருந்தாளி என்றார்கள், உரிமை தரவில்லை

2011 மார்ச்சில் சிரியாவில் தொடங்கிய கிளர்ச்சி உள்நாட்டு யுத்தமாக மாறியது. வல்லரசுகளும் அண்டை நாடுகளும் ஆளுக்கொரு பக்கம் ஆயுதத்தையும் பணத்தையும் கொட்டின. குண்டு விழுந்த ஊர்களிலிருந்து ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். துருக்கியில் மட்டும் ஒரு கட்டத்தில் 36 லட்சத்துக்கு மேற்பட்ட சிரியர்கள் பதிவாகியிருந்தார்கள். உலகிலேயே அதிக அகதிகளை ஏற்ற நாடு என்று பல ஆண்டுகள் துருக்கி பெயர் பெற்றிருந்தது.

ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அகதிகளே அல்ல! 1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றபோது, ஐரோப்பாவிலிருந்து வருபவரை மட்டுமே அகதி என்று ஒப்புக்கொள்வோம் என்ற நிபந்தனையைத் துருக்கி வைத்துக்கொண்டது. அந்த நிபந்தனை இன்னும் நீக்கப்படவில்லை. எனவே சிரியர்களை முதலில் “விருந்தாளிகள்” என்றார்கள். 2014 அக்டோபரில் “தற்காலிகப் பாதுகாப்பு” என்று ஒரு விதிமுறை கொண்டுவந்தார்கள். அதன்படி பதிவு செய்துகொண்டவர்களுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைத்தது. இது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளிக்கு உபசாரம் உண்டு, உரிமை கிடையாது. எப்போது போகச் சொல்வார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். துருக்கியிலேயே பிறந்த லட்சக்கணக்கான சிரியக் குழந்தைகளுக்கும் பிறந்த மண்ணின் பிரஜா உரிமை தானாகக் கிடைக்கவில்லை.

அந்தக் குழந்தைகளைக் கையில் ஏந்தியவர்கள் துருக்கியின் நர்ஸுகளும் மருத்துவச்சிகளும். அந்த வேலைக்குத் தயாராகும் மாணவ மாணவியர் அங்கே நான்கு ஆண்டு பட்டப்படிப்பு படிக்கிறார்கள். படிக்கும்போதே வார்டுகளில் பயிற்சிக்கு நிற்கிறார்கள்.

மாணவர்களைக் கேட்டார்கள்

இந்த மாணவர்களின் மனதை அறிய, துருக்கியின் பல சர்வகலாசாலைகளில் ஆசிரியர்கள் ஆய்வுகள் நடத்தியிருக்கிறார்கள். ஒரு வினாத்தாள், மாணவர் பிற கலாசாரத்தாரிடம் எவ்வளவு மதிப்போடும் ஆர்வத்தோடும் பழகுகிறார் என்று அளக்கிறது. மற்றொன்று, வெளிநாட்டார் மீதுள்ள பயத்தை அளக்கிறது. குடியேறிகள் பெருகிவிடுவார்களோ, நம் வாழ்க்கை முறை மாறிவிடுமோ, நெருக்கடி வந்தால் அவர்கள் யார் பக்கம் நிற்பார்களோ என்கிற மாதிரியான பயங்கள் அவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் பொதுவாக ஒரே திசையைக் காட்டுகின்றன. பிறர் கலாசாரத்தை மதித்துப் பழகத் தெரிந்த மாணவரிடம் அந்நியத் துவேஷம் குறைவு. பழகத் தெரியாதவரிடம் அதிகம்.

ஆகவே பாடத்திட்டத்தில் கலாசாரப் பாடம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் அந்த ஆசிரியர்கள். நாம் அதை முழு மனதோடு வரவேற்கிறோம். பெண் மருத்துவச்சிதான் வேண்டும் என்று கேட்பவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லாமல் இருக்கவும், பிரசவித்தவளுக்கு அவள் வீட்டு வழக்கப்படி மாமியார் கொண்டுவரும் கஞ்சியை முகம் சுளிக்காமல் வாங்கி வைக்கவும், கையெழுத்துப் போடுமுன் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பாஷையில் சொல்லவைக்கவும் பாடம் வேண்டும். நிச்சயம் வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. பதினெட்டு வயதில் கல்லூரிப் படி ஏறும் மாணவி அந்தப் பயத்தை வெளியிலிருந்து கொண்டுவருகிறாள். எங்கிருந்து?

தையல் கூடத்தில் முளைத்த விஷம்

இஸ்தான்புல்லிலும் காஸியான்தெப்பிலும் ஆயிரக்கணக்கான சிறு தையல் கூடங்கள் இருக்கின்றன. அதானா பக்கத்து சமவெளியில் பருத்தியும் ஆரஞ்சும் காய்கறியும் விளைகின்றன. யுத்தத்திலிருந்து தப்பி வந்த சிரியர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக நுழைந்த இடங்கள் இவை.

அவர்களுக்கு வேலை அனுமதி தரும் விதிமுறை 2016 ஜனவரியில்தான் வந்தது. அதிலும், தொழிலாளி நேரே போய் அனுமதி வாங்க முடியவில்லை, முதலாளிதான் மனுப் போட வேண்டியிருந்தது. பொதுவாக ஒரு தொழிற்கூடத்தில் உள்ளூர்த் தொழிலாளரில் 10 சதவீதத்துக்கு மேல் சிரியர்களைப் பதிவில் வைக்கக் கூடாது என்று அந்த விதிமுறை சொன்னது. பருவகால விவசாய வேலைக்கு அனுமதியே தேவையில்லை என்று விலக்கும் கொடுத்தார்கள். பலன் என்ன? சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2017-இல் துருக்கியில் வேலை செய்த சிரியர்கள் சுமார் 9 லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பதிவே இல்லாதவர்கள். பதிவில்லை என்றால் குறைந்தபட்சக் கூலி இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, விபத்து நேர்ந்தால் கேட்பாரில்லை.

முதலாளி கணக்குப் போட்டான். உள்ளூர்க்காரனுக்குக் கொடுக்கும் கூலியை விடக் குறைத்து சிரியனுக்குக் கொடுத்தான். பிறகு உள்ளூர்க்காரனைப் பார்த்து, “இந்தக் கூலிக்கு இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் வாசலில் ஆள் நிற்கிறது” என்றான். கூலி இறங்கியது. வீட்டு வாடகை ஏறியது. பிறகு விலைவாசி வானத்துக்குப் போனது. 2022 அக்டோபரில் துருக்கியின் பணவீக்கம் சர்க்கார் கணக்கிலேயே 85 சதவீதத்தைத் தாண்டியது.

வீட்டுக்கு வந்த அப்பன் யாரைத் திட்டினான்? முதலாளியைத் திட்டினால் வேலை போய்விடும். மந்திரியைத் திட்டினால் போலீஸ் வரும். பக்கத்துத் தெருவில் கிடக்கும் சிரியனைத் திட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். சோறு போடும்போது அம்மாவும் அதையே சொன்னாள். அதைக் கேட்டு வளர்ந்த பெண்தான் வெள்ளை உடுப்பு அணிந்து பிரசவ வார்டில் நிற்கிறாள்.

பொய்யும் அதற்குப் பின்னால் இருந்த பேரமும்

கூலிச் சண்டையில் முளைத்த கசப்புக்குப் பொய்கள் எருவாயின. “சர்க்கார் நம் வரிப்பணத்தை எடுத்து சிரியனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறது” என்பது ஒரு பொய். உண்மை என்ன? செம்பிறைச் சங்கத்தின் அட்டை மூலம் ஏழை அகதிக் குடும்பங்களுக்குக் கொடுத்த உதவிப் பணம் ஐரோப்பிய யூனியனிடமிருந்து வந்தது. 2017-இல் அது ஆளுக்கு மாதம் 120 லிரா. அதே ஆண்டு துருக்கியின் குறைந்தபட்ச மாதக் கூலி, பிடித்தம் போக, 1,404 லிரா. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் தொகையைத்தான் “சிரியனின் சொகுசு” என்றார்கள்!

ஐரோப்பிய சர்க்கார்கள் அந்தப் பணத்தைத் தர்ம சிந்தையால் கொடுத்தன என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016 மார்ச் 18-இல் ஐரோப்பிய யூனியனும் துருக்கியும் ஒரு பேரம் முடித்தன. கடல் கடந்து கிரேக்கத் தீவுகளுக்கு வருபவர்களைத் துருக்கி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அகதிகளுக்கான உதவி என்ற பெயரில் ஐரோப்பா 600 கோடி யூரோ வரை தரும். மனித உரிமை பற்றி உலகுக்கெல்லாம் உபதேசம் செய்யும் கனவான்கள், அகதி தங்கள் வாசலுக்கு வராமலிருக்க விலை பேசினார்கள். துருக்கி ஆட்சியாளர்களும் சளைத்தவர்களல்ல. 2020 பிப்ரவரி கடைசியில் கிரேக்க எல்லைப் பக்கம் அகதிகளைத் திறந்துவிட்டு அவர்களைப் பேரத்துக்குப் பகடைக்காயாக்கினார்கள். எதிர்க்கட்சியார் மட்டும் என்ன செய்தார்கள்? 2023 மே மாதம் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில், சிரியர்கள் போய்விடுவார்கள் என்று சுவரொட்டி ஒட்டி ஓட்டுக் கேட்டார்கள்.

மேலே இருப்பவர்கள் இப்படிப் பேசினால் கீழே தெருவில் கல் பறக்கத்தானே செய்யும்? 2021 ஆகஸ்டில் அங்காரா நகரின் அல்தின்தாக் பகுதியில் சிரியர்களின் வீடுகளும் கடைகளும் உடைக்கப்பட்டன. 2024 ஜூன் 30 இரவு காய்சேரி நகரில் அவர்களுடைய கடைகளுக்கும் வண்டிகளுக்கும் தீ வைக்கப்பட்டது. இரண்டு ஊர்களிலும் தொடக்கமாக ஒரு குற்றச்செய்தி இருந்தது. ஒருவன் மீது வந்த குற்றத்துக்கு ஒரு ஜனக்கூட்டமே தண்டனை அனுபவித்தது.

துவேஷம் உயிரைக் குடிக்கும்

இதெல்லாம் அரசியல், ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்பதைக் கருவி காட்டும். ஆனால் தலை பிளக்கிறது, கண்முன் பொறி பறக்கிறது, மேல் வயிற்றில் வலிக்கிறது என்பதை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். வலிப்பு வருமுன் உடம்பு தரும் எச்சரிக்கைகள் அவை. குழந்தையின் அசைவு குறைந்திருப்பது முதலில் தெரிவது தாய்க்குத்தான். கேட்கும் காது இல்லையென்றால் இந்தச் செய்திகள் அவளுக்குள்ளேயே நின்றுவிடும். முகத்தைச் சுளித்து “இவர்களுக்கு இதே வேலை” என்று முணுமுணுக்கும் இடத்துக்கு அவள் அடுத்த முறை நேரத்தோடு வரமாட்டாள். கடைசி நிமிஷத்தில் வருவாள். கடைசி நிமிஷத்தில் வந்தவளைக் காப்பாற்றுவது கடினம்.

மொழிபெயர்க்க ஆள் இல்லாவிட்டால் யார் மொழிபெயர்ப்பார்கள்? பள்ளிக்கூடம் போய் துருக்கி பாஷை கற்ற அவளுடைய பத்து வயது மகனோ மகளோ! தாயின் ரத்தப்போக்கைப் பற்றி மகனிடம் கேட்டு என்ன பதில் வாங்க முடியும்? அவமானத்தில் அவள் பாதியை மறைப்பாள். மறைத்த பாதியில்தான் ஆபத்து இருக்கும்.

நர்ஸின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரே ஷிப்டில் தாங்க முடியாத கட்டில்களைப் பார்க்க வைத்தால், பாஷை தெரியாத நோயாளியிடம் செலவாகும் நேரம் சுமையாகத்தான் தோன்றும். ஆள் போடாத நிர்வாகத்தின் மீது வர வேண்டிய கோபம் கட்டிலில் கிடப்பவள் மீது பாய்கிறது. தையல் கூடத்தில் நடந்த அதே மாயம்தான் வார்டிலும் நடக்கிறது. இருந்தாலும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேலைச் சுமை நர்ஸின் களைப்பை விளக்கலாம். வலியில் துடிப்பவளை விட்டு முகம் திருப்பிக்கொள்வதை அது நியாயப்படுத்தாது.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்பதற்கு உலகில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், தங்கள் மண்ணிலேயே அந்நியர் போல நடத்தப்பட்டவர்கள். 1988-இல் கிரைஸ்ட்சர்ச் நகரில் மாவோரி நர்ஸ் பயிற்சி பற்றி ஒரு கூட்டம் நடந்தது. சட்டப் பாதுகாப்பு, தொழில் பாதுகாப்பு என்றெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, முதலாண்டு மாவோரி மாணவி ஒருவர் எழுந்து, எங்கள் கலாசாரத்துக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்வியை எடுத்து வளர்த்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி நர்ஸ். 1992-இல் அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில் இதை நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பில் கட்டாயப் பாடமாக்கியது.

அந்தப் பாடத்தின் சாரம் எளியது. அந்நியருடைய உணவு, உடை, சடங்குகளை மனப்பாடம் செய்வதோடு அது நிற்கவில்லை. மாணவி முதலில் தன்னைத்தான் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்: என் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, அது எப்படி வந்தது, அதை யார் மீது பிரயோகிக்கிறேன்? பணிவிடை நன்றாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் நர்ஸுக்கு இல்லை. அது நோயாளிக்கே உரியது. இதைக் கேட்டதும் மேட்டுக்குடிப் பத்திரிகைகள் கொதித்தன. 1995-இல் பார்லிமெண்டுக் கமிட்டி விசாரணை வரை விவகாரம் போனது. ஆனாலும் பாடம் நிலைத்தது. அதிகாரத்தைப் பற்றிப் பேசாத கலாசாரப் பாடம் யாருக்கும் கோபம் மூட்டாது, யாரையும் மாற்றவும் மாற்றாது.

துருக்கியிலும் நல்ல விதைகள் விழாமல் இல்லை. ஐரோப்பிய நிதியில் 2016 கடைசியில் தொடங்கிய திட்டத்தின் கீழ் குடியேறிகளுக்கான சுகாதார நிலையங்கள் பெருகின. யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடிவந்த சிரிய டாக்டர்களையும் நர்ஸுகளையும் பயிற்சி கொடுத்து அங்கே வேலைக்கு வைத்தார்கள். அரபு பேசும் கர்ப்பிணி அரபு பேசும் நர்ஸிடம் வாய் திறந்து பேசினாள். அகதி என்றால் வாங்குபவர் மட்டுமே என்ற பொய்யை அந்த நர்ஸுகள் உடைத்தார்கள். ஆனால் சிக்கலான பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே போக வேண்டும்? அங்கே நிற்பவர் அந்த மாணவிதான். எனவே தனி நிலையம் திறந்ததால் அவளுக்குப் பாடம் வேண்டாம் என்று ஆகிவிடாது.

2024 டிசம்பர் 8-இல் சிரியாவில் அஸாத் ஆட்சி விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் போய்விட்டால் பிரச்னை தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. 2025-லும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் துருக்கியில்தான் இருந்தார்கள். எல்லோரும் போனாலும், துவேஷம் அவர்களோடு மூட்டை கட்டிக்கொண்டு போகாது. குர்து, ஆப்கன் என்று அடுத்த ஆளைத் தேடிக்கொள்ளும். கூலியை இறக்க முதலாளிக்கு எப்போதும் ஒரு “அந்நியன்” தேவை.

மருந்து எங்கே இருக்கிறது?

இங்கிலாந்துத் தொழிலாளியும் ஐரிஷ் தொழிலாளியும் ஒருவரையொருவர் வெறுப்பதில்தான் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் பலவீனத்தின் ரகசியம் இருக்கிறது என்று 1870-லேயே மார்க்ஸ் தன் கடிதமொன்றில் விளக்கினார். பத்திரிகையும் பிரசங்க மேடையும் அந்த வெறுப்பை அணையாமல் ஊதிக் காக்கின்றன என்பதையும் சுட்டிக்காட்டினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இஸ்தான்புல்லில் நாம் பார்ப்பதும் அதுவே.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தோம். 2017-இல் காலணியின் மேல்பாகம் தைக்கும் துருக்கித் தொழிலாளர்கள், ஜோடிக் கூலியை உயர்த்தச் சொல்லி அதானா, இஸ்மிர், இஸ்தான்புல் முதலிய நகரங்களில் வேலையை நிறுத்தினார்கள். துருக்கியர், குர்துகள், சிரியர் சேர்ந்தே தெருவில் நின்றார்கள். சிரியனை விரட்டுவதை விட, அவனுக்கும் தனக்கும் ஒரே கூலி கேட்பதே தன் கூலியைக் காக்கும் வழி என்று அந்தத் தொழிலாளி கண்டுகொண்டான். அப்படிப்பட்ட அப்பனின் மகள் பிரசவ வார்டில் நிற்கும்போது சிரியப் பெண்ணை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? யோசித்துப் பாருங்கள்!

இது நமக்கும் சொல்லும் செய்தி. ஐரோப்பியக் கடைகளுக்கு பனியனும் சட்டையும் தைத்து அனுப்பும் போட்டியில் துருக்கியும் திருப்பூரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்கின்றன. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த வாலிபர்களும் பெண்களும் வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பி ஒரு பீதியைக் கிளப்பினார்களே, மறக்கக் கூடாது. பொய்யைப் பரப்பியவர்கள் வடக்கே இருந்தால், “வடக்கத்தியான் வந்துதான் நம் கூலி போச்சு” என்று முணுமுணுப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஒடியா மட்டுமே தெரிந்த ஒரு பெண் நம் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வரும்போது, அங்கே பயிற்சிக்கு நிற்பவள் நம் மகளாக இருக்கலாம்.

அதே மகள் நாளை வேலை தேடி இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ போனால், அங்கே அவளே அந்நியர். 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தில் குடியேறிகளுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது, சண்டர்லாந்து நகரில் அவசர வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸுகளின் டாக்சி மீது கல் வீசினார்கள். யாருக்குக் கட்டுப்போட அவர்கள் போய்க்கொண்டிருந்தார்களோ, அந்த ஊர்க்காரர்களே வீசினார்கள்! துவேஷத்துக்கு நன்றி தெரியாது.

ஆகவே நாம் கேட்பது இவை. நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பில் பிறரை மதிக்கும் பாடம் வேண்டும். அதில் அதிகாரமும் கூலியும் பற்றிய உண்மை இடம்பெற வேண்டும். ஆஸ்பத்திரிகளில் சம்பளத்தோடு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும், குழந்தைகளை அந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. வார்டுகளுக்குப் போதிய நர்ஸுகள் வேண்டும். வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் சம வேலைக்குச் சம கூலி வேண்டும். யூனியனின் கதவு எந்த பாஷைக்காரனுக்கும் திறந்திருக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கை சர்க்காரிடம் கேட்பதல்ல தோழர்களே, நம்மிடமே கேட்பது. இன்றிரவு வீட்டில் சோறு போடும்போது நாம் பேசும் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு சிறு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கூலியைக் குறைத்தவன் யார் என்பதை அவளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுப்போம். நாளை ஒரு பிரசவக் கட்டிலருகே அவள் நிற்கும்போது, கட்டிலில் கிடப்பவள் தன்னைப் போன்ற ஒரு உழைப்பாளியின் மகள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.